லீஜ் அண்ட் லீஃப் (1969): மின்கிட்டாரும் பழைய கதைப்பாடலும் எங்கே ஒட்டுகின்றன?

கார்வை:
ஃபோக்-ராக் (நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த இசை) பேச்சு வந்தாலே 1965இல் பாப் டிலன் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா மேடையில் மின்கிட்டாரை மாட்டிக்கொண்டதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். அதே வருடம் வந்த அவருடைய 'ப்ரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' இசைத்தட்டைப் பாருங்கள். முதல் பக்கம் மின்கருவிக் குழு, இரண்டாம் பக்கம் பெரும்பாலும் மின்சாரமில்லாத அக்கூஸ்டிக். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, நடுவில் சுவர். ஒரே பாட்டுக்குள், ஒரே வரிக்குள் இரண்டும் கலப்பது வேறு விஷயம். அதற்கு என் கணக்கில் பிரிட்டிஷ் குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'லீஜ் அண்ட் லீஃப்' தான் பாடப்புத்தகம்.

தட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஐலண்ட் நிறுவன வெளியீடு, டிசம்பர் 1969. தயாரிப்பு ஜோ பாய்ட், ஒலிப்பதிவு ஜான் வுட், லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோ. பாட்டு சாண்டி டென்னி, கிட்டார் ரிச்சர்ட் தாம்சனும் சைமன் நிக்கோலும், பேஸ் ஆஷ்லி ஹட்சிங்ஸ், ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) டேவ் ஸ்வார்ப்ரிக், டிரம்ஸ் டேவ் மேட்டக்ஸ். மொத்தம் எட்டுத் தடங்கள், சுமார் 40 நிமிடம்.

என் வாதம் இதுதான்: இந்தத் தட்டில் மின்சாரத்தை உள்ளே கொண்டுவந்தது கிட்டார் அல்ல, பேஸும் டிரம்ஸும். கிட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டாலும் இது ராக்காகவே நிற்கும். டிரம்ஸை எடுத்துவிட்டால் வேறொன்றாகிவிடும். மறுப்பு இருந்தால் வாருங்கள்.

பழையதட்டு:
பின்னணி தெரியாதவர்களுக்கு. இந்தக் குழு முதலில் அமெரிக்கப் பாணிக் குழு. டிலன், ஜோனி மிட்செல் பாட்டுகளைத்தான் அதிகம் பாடினார்கள். 1968இல் 'தி பேண்ட்' குழுவின் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' வந்ததும் யோசனை மாறியது. அவர்கள் தங்கள் மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள், நாம் ஏன் அவர்களைப் போலிசெய்ய வேண்டும் என்ற கேள்வி.

12 மே 1969. பர்மிங்ஹாம் கச்சேரி முடிந்து திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிளுக்கு வயது 19. அவரும், தாம்சனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் இறந்தார்கள். குழு தொடருமா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்தக் கோடையில் ஹாம்ப்ஷரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டை எடுத்துத் தங்கி, பழைய பாட்டுகளை எடுத்து ஒத்திகை பார்த்தார்கள். புதிதாக வந்த மேட்டக்ஸ் நடனக்கூட இசைக்குழுக்களில் வாசித்தவர். நாட்டுப்புற இசை அவருக்குப் புதிது. கார்வை சொல்லும் டிரம்ஸ் விஷயத்துக்கு இது முக்கியம். பழக்கமில்லாததால் அவர் எதையும் அலங்கரிக்கவில்லை. அடியை நேராக வைத்தார்.

செப்டம்பர் 24 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையேற்றம். அக்டோபரில் பதிவு. தட்டு கடைக்கு வரும்முன்பே டென்னியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள்.

ஒற்றைத்தந்தி:
மறுப்பு இங்கே இருக்கிறது. இதே 1969இல் பென்டாங்கிள் குழு 'பாஸ்கெட் ஆஃப் லைட்' போட்டது. பெர்ட் ஜான்ஷும் ஜான் ரென்போர்னும் கிட்டார், டேனி தாம்சன் கட்டைப் பேஸ் (மின்சாரமில்லாத டபுள் பேஸ்), டெர்ரி காக்ஸ் டிரம்ஸ், ஜாக்கி மெக்ஷீ குரல். அதிலும் டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் இருக்கிறது. 'லைட் ஃப்ளைட்' பாட்டில் 5/8, 7/8, 6/4 என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். அதை யாரும் ராக் என்று சொல்வதில்லை. அப்படியென்றால் டிரம்ஸ்தான் காரணம் என்ற உங்கள் வாதம் எப்படி நிற்கும்?

நேரடியாகவே சொல்கிறேன், லீஜ் அண்ட் லீஃபில் 'மேட்டி க்ரோவ்ஸ்' கடைசி இரண்டரை நிமிடம் எனக்குத் தேவையே இல்லை. கதை முடிந்துவிட்டது, அப்புறம் எதற்கு அந்த ஓட்டம்?

கார்வை:
நல்ல அடி. டிரம்ஸ் இருப்பது போதாது. எங்கே அடிக்கிறது என்பதுதான் கேள்வி. டெர்ரி காக்ஸ் ஜாஸ் ஆள். அவர் அடி கிட்டாரோடு பேசும், பிரஷ் அதிகம், கனம் ஓரிடத்தில் விழாது. மேட்டக்ஸ் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரையும் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) பிரித்து வைத்து, பேஸைக் கிக்கோடு பூட்டுகிறார். அந்தப் பூட்டுதான் ராக்.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ஹட்சிங்ஸ் வெளியேறித் தொடங்கிய ஸ்டீலை ஸ்பேன் குழுவின் 1971 தட்டு 'ப்ளீஸ் டு சீ த கிங்'. அதில் மார்ட்டின் கார்த்தி மின்கிட்டார், மின் பேஸ், ஃபிடில் எல்லாம் உண்டு. டிரம்மர் கிடையாது. மின்சாரம் ஏகத்துக்கும் இருந்தும் அது ராக்காகக் கேட்காது. மணி ஒலிப்பதுபோல் மிதக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள், விவாதம் அரைமணியில் முடிந்துவிடும்.

மேட்டி க்ரோவ்ஸ் கடைசிப் பகுதி பற்றி: பிரபு தன் மனைவியின் காதலனான மேட்டி என்ற பையனையும் கொன்று, மனைவியையும் கொன்று, இருவரையும் ஒரே குழியில் போடச் சொல்கிறார். "என் மனைவி உயர்குலம், அவளை மேலே வை" என்பது கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு குரல் இருக்கக்கூடாது. ஆனால் பாட்டு அங்கே நின்றாலும் சரிவராது. கூத்தில் வதம் முடிந்ததும் மேளம் ஓயாமல் வாசிக்குமே, அந்த வேலையைத்தான் ஃபிடிலும் கிட்டாரும் செய்கின்றன.

மூன்றாம்காலம்:
தாள விஷயம் வந்துட்டதால ஒண்ணு சொல்லிக்கிறேன். ரெண்டாம் பக்கத்துல ஒரு வாத்திய மெட்லி இருக்கு, நாலு மெட்டு. 'தி லார்க் இன் த மார்னிங்', 'ராகிஷ் பேடி', 'ஃபாக்ஸ்ஹன்டர்ஸ் ஜிக்', 'டாஸ் த ஃபெதர்ஸ்'. நம்ம ஆளுங்க இதைக் கேட்டுட்டு "வேகமா இருக்கு"ன்னு விட்டுடறாங்க. ஜிக், ரீல்னு சொல்றதெல்லாம் ஆட்ட மெட்டு வகை. கொன்னக்கோல் (தாளத்தை வாயால சொல்றது) தெரிஞ்சவங்களுக்கு இது சுலபம்:

முதல் மெட்டு ஜிக், 6/8. தகிட தகிட.
ரெண்டாவது ரீல், 4/4. தகதிமி தகதிமி.
மூணாவது ஸ்லிப் ஜிக், 9/8.
நாலாவது மறுபடி ரீல்.

ஜிக்லேருந்து ரீலுக்கு மாறுறது நமக்கு நடை மாத்தம் மாதிரி, அதாவது ஒரு தட்டுக்குள்ள வர்ற எண்ணிக்கை மாறுறது. கைத்தட்டு அதே இடத்துல இருக்கணும், உள்ளே மூணு நாலாகணும். பழகும்போது பெரும்பாலானவங்க செய்யற தப்பு, சின்ன எழுத்தோட வேகத்தைப் பிடிச்சுக்கறது. தகிடல இருந்த அதே வேகத்துல தகதிமி போட்டா ஒவ்வொரு தட்டும் மூணுக்கு நாலுன்னு நீண்டுடும், குழுவே இழுத்துப்போன மாதிரி இருக்கும். மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 80 வெச்சு, கைத்தட்டை மட்டும் அதோட ஒட்டி, பதினாறு தட்டு திஸ்ரம் (மூணு), பதினாறு தட்டு சதுஸ்ரம் (நாலு) மாத்தி மாத்திச் சொல்லுங்க. தடுக்காம வந்தப்புறம் நாலு நாலா ஏத்துங்க. 110 தாண்டுனாதான் அது ஆடுற வேகம்.

கூழாங்கல்:
மூன்றாவது மெட்டு 9 என்றால் சங்கீர்ணம் தானே சார்? தகதிமி தகதகிட என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவே மாட்டேன் என்கிறது.

மூன்றாம்காலம்:
ஒட்டாது தம்பி. 9னு பார்த்ததும் நமக்கு 4+5 தோணுறது பழக்கதோஷம். ஸ்லிப் ஜிக் 3+3+3. தகிட தகிட தகிட, அவ்வளவுதான். திஸ்ர நடையில ரூபகம் போட்ட மாதிரி, மூணு தட்டு, ஒவ்வொண்ணுலயும் மூணு.

அதுல டிரம்மருக்கு ஒரு சிக்கல் இருக்கு. கிக்-ஸ்னேர்னு மாத்தி மாத்தி அடிச்சுப் பழகினவரு, மூணு தட்டுச் சுத்துல வந்தா முதல் சுத்து கிக்-ஸ்னேர்-கிக், அடுத்த சுத்து ஸ்னேர்-கிக்-ஸ்னேர்னு தலைகீழாகும். ரெண்டு சுத்துக்கு ஒருதரம்தான் சமம் (சுத்தோட முதல் தட்டு) கிக்குல விழும். அதை வேணும்னே விட்டா அழகு. தெரியாம விட்டா, ஃபிடில்காரர் சமம் எங்கேன்னு தேடுவாரு. சந்தேகம்னா ஒவ்வொரு சுத்துக்கும் முதல் தட்டு கிக், மத்த ரெண்டும் ஹைஹாட் ஜால்ரா மட்டும். பாதுகாப்பு.

கூழாங்கல்:
அப்படியே இன்னொன்று. கர்நாடக வயலினில் இந்த மெட்டுகளை வாசிக்க முடியுமா? சுருதியை என்ன செய்வது?

கார்வை:
முடியும், மேல் இரண்டு தந்திகளை மட்டும் மாற்ற வேண்டும். நம் சுருதி ச-ப-ச-ப. ஃபிடில் சுருதி ஜி-டி-ஏ-ஈ, எல்லாமே பஞ்சம இடைவெளி. 'ஜி'யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நம்முடையது ஜி-டி-ஜி-டி என்று வரும். கீழ் இரண்டும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதை ஜியிலிருந்து ஏவுக்கும், நான்காவதை டியிலிருந்து ஈக்கும் ஒரு முழுச்சுரம் ஏற்றுங்கள்.

அறுந்துபோவது பெரும்பாலும் அந்த நான்காவது தந்திதான். மாதக்கணக்கில் தளர்ந்த நிலையில் கிடந்த பழைய தந்தியை ஒரே இழுப்பில் ஈக்குக் கொண்டுபோனால் பிரடைக்குப் (தந்தியை முறுக்கும் ஆணி) பக்கத்தில் படீரென்று போகும். புதுத் தந்தி மாட்டி, அரைச்சுரம் ஏற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பாலம் முன்னால் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; தந்தி இழுக்கும்போது பாலத்தின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். நேராக்காமல் விட்டால் வளைந்துவிடும்.

உட்கார்ந்து, தலைப்பைக் காலில் ஊன்றி வாசிக்கும் நம் முறையிலேயே இதையும் வாசிக்கலாம். ஆனால் சுரத்தை அசைக்கும் கமகத்தை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். ஐரிஷ் மெட்டுக்கு உயிர் வில்லில். சுரத்தை அசைப்பதற்குப் பதில் மேல்விரலால் ஒரு நொடி தட்டிவிட்டு எடுப்பார்கள். அது சுரமாகக் காதில் விழக்கூடாது, ஒரு விக்கல் போலத்தான் இருக்கவேண்டும். ஜாருவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) குறைவாக. ஸ்வார்ப்ரிக் வில்லை அழுத்தி, கொஞ்சம் கரகரப்போடு வாசிப்பார். அந்தக் கரகரப்பு இருப்பதால்தான் பக்கத்தில் மின்கிட்டார் வந்து நின்றாலும் அந்நியமாகத் தெரிவதில்லை.

ஒற்றைத்தந்தி:
கிட்டார்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மேட்டி க்ரோவ்ஸ் மெட்டை ஈ மைனரில் வைத்துப் பழகினால், பழக்கத்தில் பி மேஜரையோ பி செவன்த்தையோ போட்டுவிடுவீர்கள். போடாதீர்கள். அதில் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) ஒளிந்திருக்கிறது; இந்த மெட்டுக்கு நிஷாதம் கைசிகி (தாழ்ந்த நி). ஒரே அடியில் பழைய பாட்டு சினிமாப் பாட்டாகிவிடும். ஈ மைனர், டி மேஜர் இரண்டே போதும், ஜி வேண்டுமானால் தொட்டுக்கொள்ளலாம்.

'ரேனார்டைன்' மாதிரி ஸ்ருதி நின்று ஒலிக்கும் பாட்டுக்கு டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதி வசதி. ஆல்பத்தில் அப்படி வாசித்தார்கள் என்று சொல்லவில்லை, வீட்டில் ஒருவரே வாசிக்க வசதி என்கிறேன். வழக்கமான சுருதியிலிருந்து ஆறாம் தந்தி, இரண்டாம் தந்தி, முதல் தந்தி மூன்றையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் போதும். மூன்றாம் சுரமான காந்தாரமே இல்லாததால் மேஜரும் இல்லை மைனரும் இல்லை, தம்பூரா மாதிரி. பாடகி எந்தக் காந்தாரத்தைத் தொட்டாலும் இடிக்காது.

அந்தப் பாட்டில் டென்னியின் குரலை நான் குறைசொல்ல மாட்டேன். டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லாத பாட்டு என்பதையும் கார்வை கவனிக்கவும். உங்கள் சூத்திரப்படி அது ராக் இல்லையே!

கார்வை:
ராக் இல்லைதான். எட்டும் ராக்காக இருந்தால் தட்டு தாங்காது. முதல் பாட்டு 'கம் ஆல் யீ' கட்டியக்காரன் மாதிரி எல்லாரையும் கூப்பிட்டு, குழுவையும் அறிமுகம் செய்துவிட்டுப் போகிறது. அடுத்து ரேனார்டைனில் திடீரென்று தரை இல்லை. அந்த வரிசையே ஒரு முடிவு.

மோனோபிரியன்:
ஒலி பக்கம் வருகிறேன். இதைக் கேட்டுவிட்டு ஒரு சின்னக் குழு வைத்து மேடையில் முயற்சி செய்பவர்கள் எல்லாரும் இடறுவது ஒரே இடத்தில்: ஃபிடிலும் மின்கிட்டாரும் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்க்கும்.

ஃபிடிலின் கீழ்த்தந்தி ஜி, 196 ஹெர்ட்ஸ். கிட்டாரின் கீழ் ஈ சுமார் 82, பேஸின் கீழ் ஈ சுமார் 41. பெண் குரலும் பெரும்பாலும் 200க்கு மேல். அதாவது 200லிருந்து 2000 வரை மூன்று பேர் நெரிசல். அதைச் சமன்பாட்டுக் குமிழால் மட்டும் தீர்க்க முடியாது. முதல் தீர்வு ஏற்பாட்டிலேயே இருக்கவேண்டும்: பாட்டு நடக்கும்போது கிட்டார் கீழ் மூன்று தந்தியில் இருக்கட்டும், ஃபிடில் குரலுக்கு மேலே போகட்டும் அல்லது பேசாமல் இருக்கட்டும். இதே தட்டின் 'டாம் லின்' கேளுங்கள். கிட்டார் நீளமாக ஓடுவதில்லை; வெட்டு வெட்டாக விழுந்து, வரியை விட்டு விலகுகிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் போகும் கதையில் ஒரு வார்த்தைகூட மூழ்காததற்கு அதுதான் காரணம்.

அடுத்து பிக்கப். இன்று பலர் வயலினில் பியெசோ (அதிர்வை மின்குறிப்பாக்கும் வில்லை) ஒட்டி நேரே மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகுகிறார்கள். அங்கே தடை 10 கிலோஓம் அளவில் இருக்கும். பியெசோவுக்குக் குறைந்தது 1 மெகாஓம் வேண்டும். தடை குறைந்தால் கீழ்ச்சுரங்கள் வடிகட்டப்பட்டு, தகர டப்பா மாதிரி ஒலிக்கும். நடுவில் ஒரு ப்ரீஆம்ப் அல்லது பியெசோவுக்கான டிஐ (கருவியை மிக்சரோடு நேராக இணைக்கும்) பெட்டி அவசியம்.

அதன்பின்: ஃபிடிலுக்கு 150 ஹெர்ட்ஸில் லோ-கட் போட்டுவிடுங்கள், அதற்குக் கீழே அதனிடம் ஒன்றும் இல்லை, மேடை உறுமல் மட்டும்தான். கீச்சென்றால் 2.5லிருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்குள் 3 டெசிபல் இறக்குங்கள். கிட்டாரில் கெயினைப் பாதியாக்குங்கள். டிஸ்டார்ஷன் கூடினால் ஓவர்டோன் (சுரத்தோடு கூடவே எழும் மேலொலி) பெருகி ஃபிடிலின் இடம் முழுக்க நிரம்பும். ஊளை (ஃபீட்பேக்) வந்தால் ஒலியைக் குறைப்பதற்கு முன் ப்ரீஆம்பில் ஃபேஸ் பொத்தானைத் திருப்பிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே அடங்கும். ஃபிடில்காரர் தன் மானிட்டருக்கு நேர் எதிரே வயலினைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் நிற்பார்கள்.

சவுண்ட் டெக்னிக்ஸ் முன்பு பால்பண்ணைக் கட்டடம். கூரை ஒரே உயரத்தில் இல்லை, மூன்று உயரங்கள். எந்தக் கருவி எந்தக் கூரைக்குக் கீழ் என்பதை வைத்தே ஒலியைத் தேர்வுசெய்யலாம். வீட்டில் பதிவு செய்பவர்களும் இதைச் செய்யலாம்: அக்கூஸ்டிக் கிட்டாரைத் துணி, மெத்தை இல்லாத அறையிலும், டிரம்ஸைத் துணிமணி நிறைந்த அறையிலும் வையுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்து, டிரம்ஸ் எதிரொலியில் மற்றதையெல்லாம் புதைக்கிறார்கள்.

பழையதட்டு:
பாட்டுகளின் வயது பற்றி யாரும் பேசவில்லையே. ஹார்வர்ட் பேராசிரியர் ஃப்ரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 305 கதைப்பாடல்களை எண்ணிட்டுத் தொகுத்தார் (1882-1898). அதில் டாம் லின் 39, மேட்டி க்ரோவ்ஸ் 81. டாம் லின் கதை 1549இல் வந்த ஸ்காட்லாந்து நூலிலேயே குறிப்பிடப்படுகிறது. இடமும் நிஜம்: செல்கர்க் அருகே கார்ட்டர்ஹா. பேய்க்கன்னியர் பிடியில் இருக்கும் காதலனைக் கர்ப்பிணிப் பெண் இழுத்துப் பிடிக்கிறாள். அவன் அவள் கையிலேயே பாம்பாகிறான், சிங்கமாகிறான், அவள் விடவில்லை. பேயரசி கடைசியில் "தெரிந்திருந்தால் உன்னை மரமாக்கியிருப்பேன்" என்று பொருமுகிறாள். மரபில் இப்படி ஜெயிக்கிற பெண் குறைவு.

'ஃபேர்வெல், ஃபேர்வெல்' சொற்கள் ரிச்சர்ட் தாம்சனுடையவை, மெட்டு 'வில்லி ஓ வின்ஸ்பரி'யுடையது. அந்த மெட்டே ஒரு தவறு. அயர்லாந்தின் ஸ்வீனீஸ் மென் குழுவில் ஆண்டி இர்வின், சைல்ட் தொகுப்பில் 100ஆம் எண்ணான அந்த வின்ஸ்பரி பாட்டுக்கு மெட்டுத் தேடும்போது தவறுதலாக வேறொரு கதைப்பாடலின் மெட்டை எடுத்துவிட்டார். இப்போது உலகம் முழுக்க அதுதான் அந்தப் பாட்டின் மெட்டு. மரபு தூய்மை என்று சண்டைபிடிப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

'க்ரேஸி மேன் மைக்கேல்' தலைகீழ்: தாம்சன் பழைய மெட்டுக்கு எழுதினார், பிறகு ஸ்வார்ப்ரிக் புது மெட்டுப் போட்டார். கேட்டால் 300 வருடப் பழசு போலிருக்கும்.

கூழாங்கல்:
எந்தப் பதிப்பு வாங்கலாம்? தட்டா, சிடியா?

பழையதட்டு:
முதல் பிரிட்டிஷ் அச்சின் எண் ஐஎல்பிஎஸ் 9115, இளஞ்சிவப்பு லேபிள், விரிக்கும் உறை. பனைமரப் படம் போட்ட லேபிள் பிந்தைய அச்சு. விலை குறைவு, கேட்கத் தாராளம். உறையின் உட்பக்கத்தில் நாட்டார் வழக்கங்கள் பற்றிய படமும் குறிப்பும் இருக்கும், ஒற்றை உறை வாங்கினால் அது போய்விடும்.

ஒன்று கவனியுங்கள். இரு பக்கமும் சுமார் 20 நிமிடம், கடைசிப் பாட்டு இரண்டுமே மென்மையானவை. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடுகிறது, உள்ளே 21 செ.மீ. தான். 'ச', 'ஷ' ஒலிகள் சிதறுவது அங்கேதான். ஃபேர்வெல்லில் டென்னியின் குரல் எச்சில் தெறிப்பதுபோல் கேட்டால் தட்டைத் திட்டாதீர்கள். உருண்டை முனை ஊசியை மாற்றி எலிப்டிகல் (நீள்வட்ட முனை) போடுங்கள், அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன எல்லையின் மேல்பக்கம் வையுங்கள், ஆன்டி-ஸ்கேட்டிங் (ஊசிக்கை உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் அமைப்பு) சரிபாருங்கள். அப்படியும் சிதறினால் முந்தைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் உழுதிருக்கிறார், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சிடி என்றால் 2002 மறுவெளியீடு போதும், 'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' டென்னி குரலில் கூடுதலாக இருக்கிறது. 2007 இரட்டைச் சிடி ஆர்வலருக்கு.

ஒற்றைத்தந்தி:
ப்ளீஸ் டு சீ த கிங், மெட்லி, டாம் லின், அந்த வரிசையில் கேட்டுப் பார்த்தேன். டிரம்ஸ் வாதத்தை ஏற்கிறேன். மேட்டி க்ரோவ்ஸ் கடைசி இரண்டரை நிமிடத்தை இன்னும் ஏற்கவில்லை.